தோலை இழுத்துக் கட்டியவர்கள்

பொத்தேரி ரயில் நிலையத்தில் இறங்கும் மாணவர்களில் பத்துப் பதினைந்து பேர் ஞாயிறு மாலைகளில் எங்களோடு பறை பழகுகிறார்கள். போன மாதம் பயிற்சி முடிந்ததும் ஒரு தம்பி செல்பேசியில் ஒரு காணொளி காட்டினான். தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள் ஐந்து பேர். நடுவில் ஒருவர் பாஞ்சோ வாசிக்கிறார், விரல் ஓடுவதே தெரியவில்லை. “அண்ணா, இதுவும் நம்ம பறை மாதிரியே வட்டமா தோல் கட்டினதுதான். அவங்க யாரும் இதுல சாதி பேசலையே, நாம மட்டும் ஏன் பேசணும்?” என்று கேட்டான். அன்று சரியான பதில் சொல்ல முடியவில்லை. படித்துவிட்டு இப்போது எழுதுகிறோம்.

அந்த இசைக்குப் பெயர் புளூகிராஸ். அமெரிக்காவின் தென்பகுதியில் பில் மன்றோவின் குழுவில் உருவானது. 1945 டிசம்பரில் வட கரோலினாவைச் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற 21 வயது இளைஞர் அந்தக் குழுவில் சேர்ந்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் பிக் மாட்டி, விரல்களை மாற்றி மாற்றிச் சுழலவிடுவார். அந்தச் சுழற்சிக்கு ‘ரோல்’ என்று பெயர். ஓசையின் மறுபாதி கருவியில் இருக்கிறது. அவர் வாசித்த கிப்சன் பாஞ்சோவில் தோலுக்கு அடியில் கனத்த உலோக வளையம் உண்டு, முதுகை மரத்தட்டு மூடியிருக்கும். அதனால்தான் சத்தம் முன்பக்கம் பாய்ந்து, மணி அடித்தாற்போல் கணீரென்று வருகிறது.

இதற்கு முந்தைய வாசிப்பு வேறு. முதுகு திறந்த பாஞ்சோவில், நகத்தின் மேற்புறத்தால் கம்பியைக் கீழ்நோக்கித் தட்டி, குட்டைக் கம்பி ஒன்றைக் கட்டைவிரலால் இழுத்துவிடுவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா பகுதிகளில் வாழும் ஜோலா மக்களின் அகோண்டிங் என்ற கருவியை இன்றும் ஏறக்குறைய இப்படித்தான் வாசிக்கிறார்கள். சுரைக்குடுக்கை, மேலே தோல், நீளக் கழி, கட்டைவிரலுக்கு ஒரு குட்டைக் கம்பி. இத்தகைய கருவிகளின் நினைவைச் சுமந்துதான் அடிமைகள் கப்பலில் போனார்கள். ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் 1687இல் ஜமைக்கா போய், அடிமைகளின் சுரைக்குடுக்கைக் கருவிகளைப் பார்த்து, 1707இல் அச்சிட்ட தன் நூலில் படமாகவே போட்டிருக்கிறார். தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டு வந்த சட்டம் அவர்கள் பறையும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது என்றது. அந்தச் சத்தம் ஆளைத் திரட்டும் என்று ஆண்டைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு நடந்ததுதான் நமக்கான பாடம். 1840களில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பர்களைக் கேலி செய்யும் மேடை நிகழ்ச்சிகளில் பாஞ்சோ வாசித்துக் காசு பார்த்தார்கள். அவர்களில் ஜோயல் ஸ்வீனி என்பவர் கறுப்பர்களிடம் கற்றவர். ஆனால் அந்தக் குட்டைக் கம்பியைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று வெகுகாலம் எழுதினார்கள். அவர் பிறப்பதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் கரோலினாவில் வரைந்த ஓவியத்தில் ஓர் அடிமையின் கையில் அந்தக் கம்பி இருக்கிறது! 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர் பாட்டை ஒரு பெயரிலும் வெள்ளையர் பாட்டை வேறு பெயரிலும் பிரித்து விற்றன. பாஞ்சோ வெள்ளையர் பக்கம் போய்ச் சேர்ந்தது. பில் மன்றோ சிறுவயதில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரோடு வாசித்தவர், அவரிடம் கற்றதை மறைக்காதவர். ஆனாலும் புளூகிராஸ் என்றதும் ஷுல்ட்ஸின் முகம் யாருக்கும் நினைவில் வருவதில்லை. கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற குழுவின் கறுப்பின இளைஞர்கள் 2005 வாக்கில் ஜோ தாம்சன் என்ற முதியவரின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கற்க வேண்டியிருந்தது. ரியானன் கிடன்ஸ் அப்படி வந்தவர்தான்.

தம்பி கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது. மீதி நம் கையில் இருக்கிறது.

பறையின் சட்டம் ஒரே மரமல்ல. மூன்று வேப்பந்துண்டுகளை இரும்புப் பட்டையால் சேர்த்து வட்டமாக்கி, மாட்டுத்தோலை ஊறவைத்து, மயிர் சுரண்டி, இழுத்துக் கட்டுகிறார்கள். இடக்கையில் நீள மூங்கில் சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. தீயில் காய்ச்சினால்தான் தோல் விறைத்துப் பேசும். சப்பரத்து அடி, பாடம் அடி, டப்பா அடி, மாரடிப்பு அடி என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் இடமும் உண்டு. இப்போது கடையில் ஃபைபர் பறை கிடைக்கிறது. மழைக்குப் பயமில்லை, தீ வேண்டாம். நாங்களும் வைத்திருக்கிறோம், பொய் சொல்வானேன். ஆனால் அடிவயிற்றில் விழும் அந்த ‘டொம்’ அதில் இல்லை. அதோடு தோலை உரித்து, பதப்படுத்தி, கட்டிய கையும் கதையிலிருந்து வெளியேறிவிடுகிறது.

கை வெளியேறுவது பறையில் மட்டுமல்ல. மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அனுமதியை 2020இல் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. மாட்டுத்தோலில் எழும் நாதம் வேண்டும், மாட்டுத்தோல் என்ற சொல் வேண்டாம்.

இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். வசையாக எறிந்த பெயரைத் தலைப்பாக்கினார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நம் ஆட்கள் இரண்டையும் செய்திருக்கிறார்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்து அதற்காக அடிபட்டவர்கள் உண்டு. அதே பறையை விடுதலைக் கருவியாக மேடையேற்றியவர்களும் உண்டு. திண்டுக்கல் சக்தி குழுவின் பெண்கள் அதைத் தோளில் மாட்டினார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தது. தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022இல்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீழே வைத்தவர்களும் தூக்கியவர்களும் நமக்கு எதிரெதிர் அணி அல்ல.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி விழாவில் எங்கள் குழு அடித்தது. அறிவிப்பாளர் ‘தமிழரின் ஆதி இசை’ என்று நெக்குருகினார். கைதட்டல் அடங்கவில்லை. எங்கள் பறைகளைக் கட்டித்தரும் பெரியவர் வாசலில் காவலாளியோடு நின்றிருந்தார், அவருக்கு அனுமதிச் சீட்டு இல்லையாம். நாங்களும் மேடையில் அவர் பெயரைச் சொல்லவில்லை. அது எங்கள் தவறு.

வரும் ஞாயிறு அவரே வருகிறார். தோல் கட்டுவதை முதலிலிருந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். வாடை அடிக்கும், இரண்டு மணிநேரமாவது ஆகும். ஃபைபர் பறையை அன்று வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.