ஆகஸ்ட் ரேஸ்... வேலூர் வெயில்... முதல் ஹாஃப் மாரத்தானுக்கு இப்படித் தயாராகுங்க!

'ஆத்துல தண்ணி கிடையாது, கோட்டையில ராஜா கிடையாது' என்று வேலூரைக் கிண்டல் செய்வது பழைய பழக்கம். ஆனால், வெயில் விஷயத்தில் யாரும் நம்ம ஊரைக் குறை சொல்ல முடியாது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். கத்திரி முடிந்து ஆகஸ்ட், செப்டம்பர் வந்தாலும் பகலில் 34, 35 டிகிரி இருக்கும். சாயங்காலம் ஒரு மழை அடித்தால் மறுநாள் காலையில் புழுக்கம் வேறு.

சரியாக இந்த நேரத்தில்தான் ஓட்டப் பந்தய சீசனும் தொடங்குகிறது. இன்ஸ்டாவில் நண்பர்கள் மெடலோடு போட்டோ போடுவார்கள். 'நாமும் ஒரு தடவை ஓடிப் பார்த்தா என்ன?' என்று தோன்றும். தாராளமா ஓடலாம். ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருக்கிற நமக்கு, தூரத்தைவிட வெப்பம்தான் பெரிய போட்டியாளர். அதை மனதில் வைத்து எப்படித் தயாராவது என்று பார்ப்போம்.

எது மாரத்தான்?

நம்ம ஊர் போஸ்டர்களில் 3 கிலோமீட்டர் ஓட்டம்கூட 'மினி மாரத்தான்' ஆகிவிடும். உண்மையில் மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். அதில் சரிபாதி, அதாவது 21.1 கிலோமீட்டர் ஓடினால் ஹாஃப் மாரத்தான். அதற்குக் கீழே 10 கே, 5 கே. அதற்கு மேலே போனால் அல்ட்ரா.

இதுவரை ஓடியே பழக்கமில்லை என்றால் முதலில் 5 கே, பிறகு 10 கே. நிற்காமல் 5 கிலோமீட்டர் நடக்கவும் ஓடவும் முடிகிறவர்கள், 12 வாரம் ஒதுக்கினால் ஹாஃப் மாரத்தானைக் குறிவைக்கலாம். ஃபுல் மாரத்தான் ஆசையை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே ஓடலாம்?

நாம் இருப்பது சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில். காட்பாடியிலோ ஜோலார்பேட்டையிலோ ரயில் ஏறினால் பெரும்பாலான ரேஸ்களுக்கு முந்தின நாள் மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

* சென்னை: ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் நடக்கும் ட்ரீம் ரன்னர்ஸ் ஹாஃப் மாரத்தான், காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்த நிதி திரட்டும் ஓட்டம். 2023 ஆகஸ்ட் 6 அன்று சென்னையில் நடந்த கலைஞர் நூற்றாண்டு மாரத்தானில் 73,206 பேர் பங்கேற்று, அது கின்னஸ் சாதனையானது.

* ஹைதராபாத்: ஆகஸ்ட் கடைசி வாக்கில் நடக்கும் பெரிய மாரத்தான். மேம்பாலங்கள் ஏறி இறங்கும் பாதை என்பதால் தொடைக்கு நல்ல வேலை இருக்கும்.

* ஸ்ரீரங்கப்பட்டணா: வழக்கமாக செப்டம்பரில் நடக்கும் காவேரி டிரெயில் மாரத்தான். தார் ரோடு கிடையாது, பாசனக் கால்வாய்க் கரையில் மண் பாதை. வெயில் ஏறிவிட்டால் நிழல் தேட வேண்டியிருக்கும்.

* சாத்தாரா, லே: மகாராஷ்டிராவின் சாத்தாரா மலை ஹாஃப் மாரத்தானும், சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் நடக்கும் லடாக் மாரத்தானும் அனுபவசாலிகளுக்கு. முதல் ரேஸுக்கு வேண்டாம்.

தேதி, கட்டணம், தொடங்கும் நேரம் எல்லாம் வருஷா வருஷம் மாறும். ரேஸின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். ஒரு முக்கியமான டிப்ஸ்: ஹாஃப் மாரத்தான் காலை 6 மணிக்குப் பிறகுதான் தொடங்கும் என்றால், முதல்முறை ஓடுகிறவர்கள் கடைசி ஒரு மணி நேரத்தை முழு வெயிலில் ஓட வேண்டியிருக்கும். 5 மணிக்கோ அதற்கு முன்போ தொடங்கும் ரேஸைத் தேர்ந்தெடுங்கள்.

வெயில் என்ன செய்யும்?

ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்புக்குக் கிடைத்த முக்கியமான வழி வியர்வை. வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, காய வேண்டும். காயும்போதுதான் தோல் குளிரும். மழை பெய்த மறுநாள் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை காயாது. 28 டிகிரிதானே என்று நாம் ஓடிக்கொண்டே இருப்போம், உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும்.

உலகத்தின் பெரிய ரேஸ்களும் இதில் அடி வாங்கியிருக்கின்றன. 1904 ஆகஸ்ட் 30 அன்று, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மாரத்தானை மதியம் 3 மணிக்குத் தொடங்கினார்கள். கொளுத்தும் வெயில், புழுதி ரோடு, வழியில் தண்ணீர் கிடைப்பதே அபூர்வம். ஓடத் தொடங்கியவர்கள் 32 பேர், முடித்தவர்கள் 14 பேர்.

'அந்தக் காலம், அனுபவம் இல்லை' என்று நினைக்க வேண்டாம். 2019 செப்டம்பரில் தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் நடத்தினார்கள். அப்போதும் 30 டிகிரிக்கு மேல், புழுக்கம் வேறு. 68 பேரில் 28 பேர் பாதியில் விலகினார்கள். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு மாரத்தானையே குளிர்ச்சியான வடக்கு நகரமான சப்போரோவுக்கு மாற்றினார்கள். 2021 ஆகஸ்ட்டில் நடந்த அந்த ஆண்கள் ஓட்டத்திலும் 106 பேரில் 30 பேர் முடிக்கவில்லை.

இவர்கள் எல்லோரும் உலகத்தரமான வீரர்கள். உடம்பு முடியாது என்று சொன்னபோது நின்றுவிட்டார்கள். முதல் ரேஸ் ஓடப் போகிற நமக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

கத்திரி முடிந்ததும் தொடங்குங்க: 12 வாரத் திட்டம்

ஆகஸ்ட் கடைசியில் ரேஸ் என்றால், ஜூன் முதல் வாரத்தில் பயிற்சியைத் தொடங்க வேண்டும். அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

* 1, 2-வது வாரம்: வாரத்துக்கு 3 நாள். 2 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை என்று மாற்றி மாற்றி 3 முதல் 5 கிலோமீட்டர். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் ரத்தத்தில் நீர்ப் பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதில் உப்பு குறையும். இந்த இரண்டு வாரத்தில் வேகத்தைத் தொடவே வேண்டாம்.

* 3 முதல் 5-வது வாரம்: வாரத்துக்கு 4 நாள். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் 6, 7, 8 கிலோமீட்டர் என்று ஏறட்டும்.

* 6 முதல் 8-வது வாரம்: ஞாயிறு ஓட்டம் 10, 12 என்று போய், 8-வது வாரம் 9-க்கு இறங்கட்டும். அது உடம்பு தேறுவதற்கான வாரம்.

* 9, 10-வது வாரம்: 14, 16 கிலோமீட்டர். இவ்வளவு போதும். பயிற்சியிலேயே 21 ஓட வேண்டிய அவசியம் இல்லை.

* 11-வது வாரம்: 12 கிலோமீட்டருக்குக் குறையுங்கள்.

* 12-வது வாரம்: லேசாக இரண்டு நாள் ஓட்டம். பிறகு ரேஸ்.

வேகம் சரியா என்று பார்க்க வாட்ச் தேவையில்லை. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். மூச்சு வாங்கி ஒற்றை வார்த்தையில் பதில் வந்தால் குறையுங்கள்.

ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். உங்கள் கால் ஏற்கெனவே ஒரு ஷிஃப்ட் வேலை செய்துவிட்டது. வார நாட்களில் குறைந்த தூரம், விடுமுறை நாளில் நீண்ட ஓட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேராக ஓடப் போகாதீர்கள். வெப்பத்தைத் தாங்கும் சக்தி தூக்கம் கெட்டால் குறையும்.

எங்கே பயிற்சி எடுக்கலாம்?

வேலூர்க்காரர்களுக்குக் கோட்டையைச் சுற்றியுள்ள பகுதி இருக்கிறது. மற்ற ஊர்களில் பள்ளி, கல்லூரி மைதானம் நல்ல இடம். ஏற்றம் பழக வேண்டும் என்றால் 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரி மலைப்பாதை இருக்கிறது. உயரம் 1,000 மீட்டருக்கு மேல் என்பதால் மேலே கொஞ்சம் குளிர்ச்சி. வார இறுதியில் டூரிஸ்ட் வண்டிகள் வரும், விடிந்ததும் முடித்துவிடுங்கள்.

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் மட்டும் வேண்டாம். எந்த ரோட்டில் ஓடினாலும் எதிரே வரும் வண்டி கண்ணில் படுகிற மாதிரி வலது ஓரமாக ஓடுங்கள், ஒளி பிரதிபலிக்கும் பட்டை போட்ட பனியன் போடுங்கள், ஒரு காதிலாவது ஹெட்போன் இல்லாமல் இருக்கட்டும். இருட்டு, தெரு நாய், தேவையில்லாத கமென்ட் என்று பெண்களுக்கு அதிகாலை ஓட்டத்தில் கூடுதல் தலைவலிகள் உண்டு. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓடுவதும், வீட்டுக்கு லைவ் லொகேஷன் அனுப்புவதும் உதவும்.

ஷூ... நம்ம ஊர் சப்ஜெக்ட்!

வெளிநாட்டுக் கடைகளின் அலமாரிக்குப் போகும் லெதர் ஷூக்களைத் தைக்கிற ஊர் ஆம்பூர். அப்பர், லைனிங், சோல் என்று பேசினால் இங்கே பலருக்கும் புரியும். ஆனால் லெதர் ஷூ ஓட்டத்துக்கு ஆகாது. வியர்வையை உறிஞ்சிக் கனக்கும், காற்று போகாது. ரன்னிங் ஷூவின் அப்பர் மெல்லிய வலைத்துணி, நடுவில் ஃபோம், அடியில் ரப்பர். பக்கத்திலேயே செய்யாறு சிப்காட்டில் நைக்கிக்கு ஷூ தயாராகிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்திலும் தோல் அல்லாத காலணி ஆலைக்கு 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள். லெதருக்குப் பேர்போன வட்டாரத்தில் ஸ்போர்ட்ஸ் ஷூவும் கால் பதிக்கிறது.

வாங்கும்போது மூன்று விஷயம் போதும். கால் லேசாக வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கடைக்குள்ளேயே நாலு அடி ஓடிப் பாருங்கள். கார்பன் பிளேட் ஷூ முதல் ரேஸுக்குத் தேவையில்லை. ஒரு ஜோடி பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் உழைக்கும். ரேஸ் அன்று புது ஷூ போடவே கூடாது.

பொருந்தாத ஷூவைப் பற்றி ஒரு கதை உண்டு. 1960 செப்டம்பர் 10, ரோம் ஒலிம்பிக். வெயிலைத் தவிர்க்க மாரத்தானைச் சாயங்காலம் தொடங்கினார்கள். எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலாவுக்குக் கிடைத்த ஷூ காலுக்குச் சரியாக அமையவில்லை. வெறுங்காலோடு பயிற்சி எடுத்துப் பழகியவர், வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்றார். நம்ம நாட்டு ஷிவ்நாத் சிங்கும் வெறுங்கால் ஓட்டத்துக்குப் பேர் போனவர்தான். 1978-ல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம், 40 ஆண்டுகளுக்கும் மேல் தேசிய சாதனையாக நின்றது. இதைப் படித்துவிட்டுச் சுடுகிற தார் ரோட்டில் செருப்பைக் கழற்றாதீங்க, ப்ளீஸ்!

தண்ணீர், உப்பு, பிரியாணி

தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து, அளவுக்கு மீறினாலும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரைப் பரிசோதித்ததில் 13 சதவிகிதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது அதிகமாகத் தண்ணீர் குடித்ததுதான் முக்கியக் காரணம்.

உங்கள் கணக்கை நீங்களே போடலாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டீர்கள். மற்றபடி தாகம் எடுக்கும்போது குடியுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் வெறும் தண்ணீரோடு ஓ.ஆர்.எஸ் கரைசலும் இருக்கட்டும். ஓடி முடித்த பிறகு உப்பு போட்ட மோர் அருமை.

முந்தின நாள் இரவு இட்லி, இடியாப்பம், சாதம் என்று எளிதாகச் செரிக்கும் மாவுச்சத்து சாப்பிடுங்கள். சீரகச் சம்பா பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் ஆம்பூரின் பெருமைதான். ஆனால் அந்த எண்ணெயும் மசாலாவும் காலை 5 மணிக்கு ஸ்டார்ட் லைனில் உங்களைப் பாடாய்ப் படுத்தும். அதை மெடல் வாங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, வலி வராமல் இருக்க ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

எப்போது நிறுத்தணும்?

தலைசுற்றல், குமட்டல், வெயிலிலும் உடம்பு சிலிர்ப்பது, நடை தள்ளாடுவது... இதில் ஒன்று வந்தாலும் நின்று, நிழலுக்குப் போய், உதவி கேளுங்கள்.

கூட ஓடுகிறவர் பேச்சு குழறினால், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் விழித்தால், அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உயிருக்கே ஆபத்து. வியர்வை கொட்டிக்கொண்டிருக்கிறதே என்று அலட்சியம் செய்யாதீர்கள், ஓட்டத்தில் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வையும் இருக்கும். உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் 108. வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடம்பைக் குளிர்விக்கத் தொடங்குங்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கழுத்து வரை அதில் இறக்கி, தலை மூழ்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைத்து, விசிறிவிடுங்கள். முதல் அரை மணி நேரம்தான் முக்கியம். சுயநினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஆகஸ்ட், செப்டம்பர் காய்ச்சல் சீசனும்கூட. ரேஸுக்கு முந்தின வாரம் காய்ச்சல் வந்திருந்தால் அந்த ரேஸை விட்டுவிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை உள்ளவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

ரேஸ் அன்று...

முதல் 5 கிலோமீட்டரைப் பயிற்சி வேகத்தைவிட மெதுவாக ஓடுங்கள். எல்லோரும் முந்திப் போவார்கள், போகட்டும். தண்ணீர் கொடுக்கும் இடங்களில் நடந்தபடியே குடியுங்கள், கொஞ்சம் தலையிலும் ஊற்றிக்கொள்ளுங்கள். 15-வது கிலோமீட்டரில் தெம்பு மிச்சம் இருந்தால் அப்போது வேகத்தைக் கூட்டலாம். பந்தய எண்ணின் பின்பக்கம் ரத்த வகையையும் வீட்டு போன் நம்பரையும் எழுத மறக்காதீர்கள்.

முதல் ஹாஃப் மாரத்தானை 2 மணி நேரத்தில் முடித்தாலும் 3 மணி நேரத்தில் முடித்தாலும் கழுத்தில் விழும் மெடல் ஒன்றுதான். முடித்துவிட்டு, காட்பாடியில் இறங்கி, நல்ல தெம்போடு வீட்டுக்கு நடந்து வாங்க. பிரியாணி காத்திருக்கு!