விறகுத் தொட்டி

சென்னைப் பட்டணத்தின் பழைய பேட்டைகளில், விறகைப் பிளந்து அடுக்கி எடைபோட்டு விற்கும் இடத்தைத் 'தொட்டி' என்று சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பிற ஊர்களில் விறகுக் கடை என்றும் விறகு டிப்போ என்றும் வழங்கும் அதே வியாபார ஸ்தலத்துக்குப் பட்டணத்தார் ஏன் இந்தப் பெயரை வைத்தார்கள் என்று கேட்டால், "தொட்டி என்றால் தொட்டிதான்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். நீர் நிற்பதற்கு உரிய பெயர், ஒரு சொட்டு நீரும் நில்லாதிருக்க வேண்டிய இடத்துக்கு வந்து வாய்த்த விருத்தாந்தம் சிறிது ஆராயத் தக்கது.

முதலில் விறகைப் பற்றி ஒரு வார்த்தை. இச்சொல் சங்க நூல்களிலேயே பயில்வது. மலையாளத்தில் இன்றும் இதே வடிவில் இதே பொருளில் வழங்குவது. தெலுங்கில் முறிதலைக் குறிக்கும் 'விறுகு' என்னும் வினையோடு இதை உறவாக்கிப் பார்ப்பது இன்பமான ஊகம். ஊகத்துக்கு மேல் அதை உயர்த்த நான் துணியேன். சம்ஸ்கிருதத்திலிருந்து சமித்து, இந்தனம், காஷ்டம் முதலிய பதங்கள் வந்து சேர்ந்தும், அவை ஓம குண்டத்தோடும் ஏட்டோடும் நின்றுவிட்டனவே அன்றி அடுக்களைக்குள் பிரவேசிக்கவில்லை. வைணவக் கோயில்களின் மடைப்பள்ளி வழக்கில் மட்டும் விறகுக்கு 'எரிகரும்பு' என்று ஓர் அழகிய பெயர் உண்டு. தெலுங்கரும் சமையல் விறகை 'வண்ட செறகு' என்பர். செறகு என்பது அவர்களுக்குக் கரும்பின் பெயரும் ஆகும். பெருமாளின் தளிகைக்கு எரிவது வெறும் கட்டையாக இருக்கலாகாது என்ற பக்தியோ, அல்லது கட்டாகக் கட்டிய கழிகளின் தோற்றமோ, இப்பெயருக்குக் காரணம் எதுவாயினும் அதைச் சூட்டியவன் ரசிகன்.

விறகுக்குப் பெயர் பழமையானது. விறகு விற்கும் இடத்துக்குப் பெயர் அவ்வளவு பழமையானதன்று. தலைச்சுமையாகக் கொண்டுவந்து தெருவிலே விலை கூறி விற்பதே பண்டைய முறை என்பதற்குப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள விறகு விற்ற படலம் போதிய சான்று. வரகுண பாண்டியன் காலத்தில், பாணபத்திரனுக்காக ஏமநாதனைப் பாட்டினால் ஓட்ட வந்த சொக்கநாதர் தேர்ந்துகொண்டது விறகு விற்பவனின் வேடம். ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடுவதற்கு அவருக்குச் சுமையை இறக்கி வைக்க வேண்டியிருந்ததே ஒழிய, பூட்டிவிட்டு வருவதற்குக் கடை எதுவும் இருக்கவில்லை. மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் அந்த லீலை இன்றும் நடந்தேறுகிறது.

இனித் தொட்டி. 'தொடு' என்பதற்குத் தீண்டுதல் என்பதோடு தோண்டுதல் என்றும் ஒரு பழம்பொருள் உண்டு; மணற்கேணியைக் காட்டிக் கல்வியைப் பேசும் குறளில் வள்ளுவர் ஆண்டது அந்தப் பொருளில்தான். தோண்டிய பள்ளமே முதலில் தொட்டியாகி, பிறகு கல்லிலும் மரத்திலும் குடைந்ததும், செங்கல்லால் கட்டியதும் அப்பெயரைப் பெற்றன என்பது என் துணிபு. நாற்புறமும் அடைத்து நடுவே வெளிவிட்ட எதுவும் தொட்டியே என்னும் பொருள் விரிவு அடுத்த படி. நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டிய வீட்டை நாம் தொட்டிக்கட்டு வீடு என்கிறோம். கன்னடத்தார் 'தொட்டி மனெ' என்கிறார்கள். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி ஆடுகளை அடைத்து அறுக்கும் இடம். அங்கே யாரும் தண்ணீர்த் தொட்டியைத் தேடிப் போவதில்லை. வடசென்னைவாசிகள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும்போது மாத்திரம், 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அங்கே ஏழைகளுக்கு ஊற்றிய கஞ்சியின் பாத்திரத்தைக் குறிக்கிறார்களா, கஞ்சி ஊற்றிய வளவைக் குறிக்கிறார்களா என்று இருவிதமாகவும் வாதிக்க இடமுண்டு. விறகுத் தொட்டியில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. அது வளவு, வேலி சூழ்ந்த வெளி.

இதே வழியில் நடந்த இன்னொரு சொல் கிடங்கு. பழைய இலக்கியத்தில் அது கோட்டையைச் சூழ்ந்த அகழி, பிறகு பள்ளம், பிறகு சரக்கு வைக்கும் அறை. தெலுங்கில் அது கிட்டங்கி. கடல் கடந்து வட்டிக்கடை வைத்த நகரத்தார் சிங்கப்பூரில் தங்கள் தொழிலிடத்தைக் கிட்டங்கி என்றே அழைத்தார்கள். மலாய் மொழியின் 'கூடாங்' வழியாக ஆங்கிலேயர் பெற்ற 'கோடவுன்' என்ற சொல்லுக்கு இந்தத் திராவிடச் சொற்களே மூலமாகலாம் என்று யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி கருதுகிறது. தோண்டியதிலிருந்து பிறந்த இரண்டு சொற்களில் கிடங்கு கூரையைத் தேடிக்கொண்டது. தொட்டி வானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்தின் வாயிலாக வந்த டிப்போவுக்கு, பஸ் நின்றாலும் பால் நின்றாலும் விறகு நின்றாலும் பேதமில்லை.

பட்டணத்தில் இத்தொழில் பெருகுவதற்கு நீர்வழி ஒரு பெருங்காரணம். 1806இல் வெட்டத் தொடங்கி, பின்னர் 1875 முதல் 1880 வரை கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்ற கால்வாயில், ஸ்ரீஹரிகோட்டாப் பக்கத்து விறகு படகு படகாகப் பேசின் பிரிட்ஜ் வரையில் வந்து இறங்கியது. ரயில் எஞ்சின்களுக்கு எரிபொருள் வேண்டிக் கடற்கரை மணலில் வளர்க்கப்பட்ட சவுக்கு, எஞ்சின்கள் நிலக்கரிக்கு மாறிய பின்னரும் அடுப்புகளுக்காக நிலைத்தது. நாலைந்து வருஷத்தில் வெட்டுக்கு வருவது, நேராக வளர்வது, பச்சையாக இருந்தாலும் ஓரளவு எரிவது ஆகிய குணங்களால் அது தொட்டிக்காரரின் செல்லப்பிள்ளையாயிற்று.

தொட்டிக்குள் நடக்கும் வேலையைப் பார்த்தவர்க்கே அது ஏன் கூரையில்லாத வெளியாக இருக்க வேண்டும் என்பது விளங்கும். பருத்த முண்டின் தலையில் இயற்கையாகவே ஓடியிருக்கும் வெடிப்பைப் பார்த்து அதில் இரும்பு ஆப்பை நட்டுச் சம்மட்டியால் அடிக்கிறான் பிளப்பவன். கணு குறுக்கிட்டால் அந்த முண்டைப் புரட்டிப்போட்டு மறுபுறத்திலிருந்து தொடங்குகிறான். பிளந்தவற்றை, மண்ணில் நேரே படாமல் அடியில் இரண்டு கட்டைகளைப் படுக்க வைத்து, ஒரு வரிசை நெடுக்கும் ஒரு வரிசை குறுக்குமாக அட்டி போடுகிறார்கள். அடிக்கட்டை இல்லாவிடில் கறையான் ஏறும். குறுக்கு வரிசை இல்லாவிடில் காற்று ஊடுருவாது. வெயிலும் காற்றும் செய்ய வேண்டிய மிச்ச வேலைக்கு மாதக்கணக்கில் காலம் வேண்டும். அத்தனை காலமும் முதல் முடங்கிக் கிடக்கும்.

முதல் முடங்குவது பெரிதன்று. எடை குறைகிறதே, அங்கேதான் தொட்டிக்காரரின் தர்மம் சோதிக்கப்படுகிறது. வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீர் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ பச்சை விறகில் 50 கிலோ மரம், 50 கிலோ தண்ணீர். அதை ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே நீர் நிற்கும் அளவுக்கு உலர்த்தினால் தராசில் நிற்பது 62.5 கிலோ. மீதமுள்ள 37.5 கிலோவை வாங்கும்போது விலை கொடுத்தவர் தொட்டிக்காரர். விற்கும்போது அது ஆகாயத்துக்குப் போய்விட்டது. அதை உலர்த்தாமல் விற்றாலோ நஷ்டம் வாங்குகிறவனைச் சேரும்: ஒவ்வொரு கிலோ நீரையும் ஆவியாக்க ஏறக்குறைய 600 கிலோகலோரி வெப்பம் அவன் அடுப்பிலேயே வீணாகிறது, கூடவே கண்ணெரிச்சலும் கரிப்பானையும். எட்டு வீசை கொண்ட மணங்குக் கணக்கில் விற்ற காலத்திலும், 1956ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்தின்பின் கிலோக் கணக்குக்கு மாறிய காலத்திலும் இந்தச் சங்கடம் மாறவில்லை. தராசுக்கு நீரும் மரமும் ஒன்றே. ஆகவே நல்ல தொட்டி என்பது நீரைப் போக்கும் இடம். நீரைத் தேக்கும் தொட்டியின் பெயரை அது சுமப்பது மொழி செய்யும் பரிகாசம் என்றே சொல்ல வேண்டும்.

மண்ணெண்ணெய் அடுப்பும் பின்னர் சமையல் எரிவாயுவும் வீட்டு வாடிக்கையைக் கொண்டுபோன பிறகு, பிரியாணிக் கடைகளும் கல்யாணச் சமையற்காரர்களும் மயானங்களும் செங்கற் சூளைகளும் சாயப்பட்டறைக் கொதிகலன்களும் இத்தொழிலைத் தாங்கி வருகின்றன. சவுக்கோடு சீமைக்கருவேலும் இப்போது பெரும் சரக்கு. அமெரிக்கக் கண்டத்து மரமாகிய அதை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் கொண்டுவந்தார்கள் என்பதைச் 'சீமை' என்ற முன்னொட்டே அறிவித்துவிடுகிறது. வட மாவட்டத்தார் அதற்கு வேலிக்காத்தான் என்று தமிழ்ப் பெயரிட்டார்கள். வேலியைக் காக்க வந்தவன் வயலையும் எடுத்துக்கொண்ட கதை வேறு.

பெயர்ப்பலகைகளில் தொட்டி என்ற சொல் அருகி, டிப்போவும் டிரேடர்ஸும் மிகுந்து வருகின்றன. முண்டு, அட்டி, ஆப்பு, சிராய் போன்ற தொழிற்சொற்கள் பிளப்பவரின் வாயில் இன்னும் வாழ்கின்றன. அவர்கள் தொகையோ நாளுக்கு நாள் குறைகிறது. தங்கள் ஊரில் விறகு விற்கும் இடத்துக்கும், பிளந்த விறகின் வகைகளுக்கும், அடுக்கின் அளவுக்கும் என்ன பெயர்கள் வழங்குகின்றன என்பதை வாசகர்கள் ஒரு கடிதத்தில் எழுதித் தெரிவிப்பார்களானால், அகராதி செய்வோர்க்கு அது பேருதவியாக இருக்கும்.