டிராமுக்கு யார் வழி விடுவது? கொல்கத்தாவும் மெல்பர்னும்

கார், பஸ், ஆட்டோ ஓடும் சாலையிலேயே தண்டவாளமும் பதிந்திருந்தால் நாற்சந்தியில் யார் முதலில் போவது? இந்தக் கேள்விக்கு இரண்டு நகரங்கள் நேரெதிரான பதில்களைச் சொல்லியிருக்கின்றன. கொல்கத்தாவில் 1873இல் குதிரை டிராம் வந்தது. 1902இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. மெல்பர்னில் 1885இல் கம்பிவட டிராம் வந்தது. இரண்டு ஊர்களிலும் வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடுகின்றன என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்காரர்களுக்கு ஒரு நியாயம் தெரியும்: ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்க வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கஷ்டம். டிராமுக்கும் இதே நியாயம் பொருந்தும். தண்டவாளத்தில் ஒரு கார் நின்றால் டிராம் சுற்றிக்கொண்டு போக முடியாது. பின்னால் வரும் டிராம்களும் வரிசையாக நின்றுவிடும்.

மெல்பர்ன் இந்த நியாயத்தைச் சிக்னலிலேயே எழுதிவைத்திருக்கிறது. முன்னுரிமை உள்ள சந்திகளில், டிராம் நெருங்குவதை உணர்கருவி முன்கூட்டியே சொல்லிவிடும். பச்சை எரிந்தால் சில விநாடிகள் நீளும். சிவப்பு எரிந்தால் சீக்கிரம் மாறும். பல இடங்களில் கார்களுக்குச் சிவப்பு இருக்கும்போதே ‘டி’ எழுத்து வடிவில் வெள்ளை விளக்கு எரிந்து டிராமை மட்டும் அனுப்பும். நகர மையத்தின் பல சந்திகளில் வலப்பக்கம் திரும்பும் கார்கள் தண்டவாளத்தின் மேல் காத்திருக்க முடியாது. இடது ஓரமாகச் சந்திக்குள் போய் நின்று, குறுக்குச் சாலைக்குப் பச்சை விழும்போது திரும்ப வேண்டும்.

கொல்கத்தாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. பல சாலைகளில் நடுவே டிராமுக்கென்று தனியிடம் இருந்தது. பின்னாளில் அதைக் கான்கிரீட் போட்டு எல்லா வண்டிகளுக்கும் திறந்துவிட்டார்கள். வழியையும் பறித்து, சிக்னலில் முன்னுரிமையும் தராமல் விட்டபின், டிராம் மெதுவாகப் போகிறது என்ற பழி மட்டும் மிஞ்சியது. மைதானம், எஸ்பிளனேடு இடையிலான தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது.

மெல்பர்னிலும் எல்லாம் சரியாக இல்லை. சுமார் 250 கிலோமீட்டர் தடத்தில் முக்கால் பங்கு மற்ற வண்டிகளோடு பகிர்ந்துகொள்ளப்படுகிறது. சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர் அளவுதான். நிறுத்தம் சிக்னலுக்கு முன்னால் இருந்தால், டிராமுக்காக நீண்ட பச்சை ஆட்கள் ஏறி முடிப்பதற்குள் வீணாகிவிடும். சந்தியைத் தாண்டி நிறுத்தம் வைத்தால் அந்தச் சிக்கல் தீரும். கொல்கத்தாவின் தெருக்கள் குறுகலானவை, நெரிசலும் அதிகம். ஆகவே மெல்பர்ன் ஏற்பாட்டை அப்படியே அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது.

ஆனால் கணக்குப் போடும் முறையைக் கொண்டுவரலாம். மெல்பர்னின் ‘இ’ ரக டிராம் ஒன்று சுமார் 210 பேரை ஏற்றும். சிக்னல் வண்டிகளை எண்ணினால் அது ஒன்று. ஆட்களை எண்ணினால் 210. 1895இல் மின்சார டிராம் ஓட்டிய சென்னை 1953இல் அதை நிறுத்திவிட்டது. இனி நம் ஊர்களில் எந்த நகரமாவது தெருவில் தண்டவாளம் போட நினைத்தால், முதல் தண்டவாளம் பதிப்பதற்கு முன்பே சிக்னல் யாரை எண்ணப்போகிறது என்பதை முடிவு செய்தாக வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் எவ்வளவு நல்ல டிராம் வாங்கினாலும் கார்களுக்குப் பின்னால்தான் நிற்கும்.