பூப்பந்து வீரர் பஞ்ச் குணாளன்



பினாங்கு நீரிணையின் அக்கரையில் ஜார்ஜ் டவுன். இக்கரையில் பட்டர்வொர்த், அதை ஒட்டிப் பாகான் டாலாம். இந்த வட்டாரத்தில் பூப்பந்துக்கு ஒரு பகை உண்டு. அது கடற்காற்று. பதினாறு இறகுகள் செருகிய பந்தின் எடை ஐந்து கிராம் அளவுதான். காற்று சற்றுத் திரும்பினால், இங்கே அடித்த பந்து எங்கோ போய் விழும். அப்படியிருந்தும் இரண்டு கம்பங்களுக்கிடையே கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆடாத பிள்ளைகள் இல்லை.

அதற்குக் காரணமும் உண்டு. பினாங்கில் பிறந்த எடி சூங், 1953, 1954, 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் அகில இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை வென்றார். அண்ணன் டேவிட் சூங்குடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை மூன்று முறை வென்றார். உலக வெற்றியாளர் போட்டி என்று தனியாக ஒன்று இல்லாத அந்நாளில், அகில இங்கிலாந்துப் போட்டியே உலகப் போட்டியாக மதிக்கப்பட்டது. அதன் வெற்றியாளர் பட்டியலில் 1971-ஆம் ஆண்டு வரிசையைப் பார்த்தால் ஒரு தமிழ்ப் பெயர் தென்படும். அதுதான் குணாளன்.

1944-இல் பிறந்த குணாளன் அவர்கள் நம் பினாங்குக்காரர் அல்லர். ஆனால் அவர் பெயரை உச்சரிக்காத தமிழ் வீடு அந்நாளில் மலேசியாவில் எங்கும் இருந்திராது. இங் பூன் பீயும் டான் யீ கானும் 1965, 1966 ஆண்டுகளில் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்ற புகழ்பெற்ற இணை. டான் யீ கான் ஒதுங்கிய பின், அந்தப் பெரிய இடத்தை நிரப்பியவர் குணாளன். இந்த இணை 1970-இல் எடின்பரோ காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் பெற்றது. மறு ஆண்டு அகில இங்கிலாந்துப் பட்டத்தையும் கைப்பற்றியது. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் பூப்பந்து காட்சிப் போட்டியாக மட்டும் ஆடப்பட்டபோது, இவ்விருவரும் இரண்டாம் இடம் பெற்றனர். அது பதக்கக் கணக்கில் சேரவில்லை. பூப்பந்து முறையான ஒலிம்பிக் ஆட்டமாவதற்கு 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பார்சிலோனாவில் ரசிஃப், ஜலானி சிடெக் சகோதரர்கள் வென்ற வெண்கலமே மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

குணாளனை இரட்டையர் வீரர் என்று மட்டும் சொல்லிவிட்டால் பொருந்தாது. 1970-இல் பாங்காக் ஆசிய விளையாட்டிலும், 1974-இல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டிலும் அவர் பெற்றவை ஒற்றையர் தங்கங்கள்.

அதே 1974-இல் அகில இங்கிலாந்து ஒற்றையர் இறுதி ஆட்டம் வெம்பிளியில் நடந்தது. எதிரே இந்தோனேசியாவின் ரூடி ஹர்தோனோ. 1968 தொடங்கி ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பட்டத்தை விட்டுக்கொடுக்காதவர். குணாளனைவிட ஐந்து வயது இளையவர். முதல் ஆட்டத்தைக் குணாளன் 15–8 என்று எடுத்துவிட்டார். அடுத்த இரண்டையும் 9–15, 10–15 என்று இழந்தார். ஹர்தோனோவுக்கு அது ஏழாவது பட்டம். வென்ற போட்டிகளைக் காட்டிலும் இந்தத் தோல்வியில்தான் குணாளனின் தரம் தெரிகிறது என்பது என் எண்ணம்.

இனி, பலர் கவனிக்காத இரண்டாம் பாதிக்கு வருவோம். ஆடி ஓய்ந்த பின் அவர் நிர்வாகத்தில் இறங்கினார். அனைத்துலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் உயர் பொறுப்புக்கு வந்தார். அதன் தலைமையகம் 2005-இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அதைவிடப் பெரிய மாற்றம் புள்ளிக் கணக்கில் நேர்ந்தது. குணாளன் ஆடிய காலத்தில், பந்தைப் போடுகிறவருக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். எதிராளி அடித்து வென்றால் பந்து போடும் உரிமைதான் கைமாறும், புள்ளி ஏறாது. இதனால் ஓர் ஆட்டம் அரைமணியில் முடியுமா, ஒன்றரை மணி இழுக்குமா என்று எவராலும் சொல்ல முடியாது. தொலைக்காட்சி நிலையத்தாருக்கு இது பெரிய தலைவலி. ஏழு புள்ளிகளாக ஐந்து ஆட்டங்கள் என்றொரு முறை முன்னரே பரிசோதிக்கப்பட்டுக் கைவிடப்பட்டிருந்தது. 2006-இல், யார் போட்டாலும் வெல்பவருக்கே புள்ளி, ஆட்டத்துக்கு 21 புள்ளிகள் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. அதை முன்னின்று வாதாடியவர் குணாளன். உடல் வலுவையும் பொறுமையையும் சோதிக்கும் ஆட்டம் கெட்டுப்போகும் என்று பழையவர்கள் குறைகூறினார்கள். அந்தக் குறையில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பின்தங்கியவர் பந்தைப் போடும் உரிமையை மீட்டு மீட்டு, மெல்ல மேலேறி வரும் அழகு பழைய முறையில் இருந்தது. அம்முறையில் வளர்ந்து, அதிலேயே தங்கங்களை வென்றவர்தான் அதை மாற்ற வேண்டும் என்றார்.

புதிய கணக்குப்படி ஆடியிருந்தால் 1974-இல் குணாளன் வென்றிருப்பாரோ? விளையாட்டு ரசிகர்கள் இப்படிக் கேட்டு மகிழலாம். ஆனால் 15–8, 9–15, 10–15 என்ற எண்களை வைத்து விடை காண முடியாது. பந்தை எதிர்கொண்டவர் வென்ற அடிகள் அந்த எண்களில் ஏறவே இல்லையே!

சம்மேளனத்தின் தலைமையோடு ஏற்பட்ட பிணக்கினால் 2008-இல் குணாளன் தம் பொறுப்பைவிட்டு வெளியேற நேர்ந்தது. டத்தோ பஞ்ச் குணாளன் அவர்கள் 2012 ஆகஸ்டு 15-ஆம் நாள், 68-ஆம் வயதில் காலமானார்.