இடையில் நிற்கும் கை: வட சிலாங்கூர்த் தோட்டங்களில் கணக்கில்லாதவரும் மின்பணமும்

கலும்பாங்கில் ஒரு வீட்டு வாசலில் நான் பார்த்த கொடுக்கல் வாங்கலிலிருந்து தொடங்குகிறேன். பால்மரம் சீவி ஓய்ந்த, எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவுக்குக் குக்கர் மூடியின் ரப்பர் வளையம் தேவைப்பட்டது. பட்டணத்துக் கடைகளில் அந்த அளவு கிடைக்கவில்லை. பேரன் பழைய வளையத்தைத் தரையில் வைத்து அடிக்கோலால் அளந்தான். ஷோப்பியில் தேடி ஆர்டர் போட்டு, தன் டச் என் கோ இ-வாலட்டிலிருந்து காசைக் கட்டினான். அம்மா மைலோ டின்னைத் திறந்து இரண்டு பத்து வெள்ளித் தாள்களை எடுத்து நீட்டினார். மீதியை அவனையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இந்த அம்மாவுக்கு வங்கிக் கணக்கு உண்டு. ஊழியர் சேமநிதிப் பணம் அதில்தான் வந்து சேர்ந்தது. உலக வங்கியின் 2021ஆம் ஆண்டு ஃபின்டெக்ஸ் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 88 விழுக்காட்டினர் கணக்கு வைத்திருப்பவர்கள். அந்த 88க்குள் அவரும் அடக்கம். ஆனால் அன்று அவர் வாங்கிய பொருளுக்கும் அந்தக் கணக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை. காசை மின்பணமாக மாற்றியது பேரனின் கை. வங்கிக் கணக்கில்லாதோர் பற்றிய ஆய்வுகள் கணக்கை எண்ணுகின்றன, இந்தக் கையை எண்ணுவதில்லை. வட சிலாங்கூர்த் தோட்டங்களைப் பொறுத்தவரை, இடையில் நிற்கும் அந்தக் கைக்கு ஓர் இடம் கொடுத்த கட்டண முறைகளே எளியவரைச் சென்றடைந்திருக்கின்றன என்பது என் வாதம்.

இதற்குத் தோட்ட வரலாறே சான்று. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தெனமாரானில் உருவானது. அங்கிருந்து புக்கிட் தாகார் வரையிலான தோட்டங்களில் லயத்துக் குடும்பங்கள் மாதம் முழுவதும் காசைக் கண்ணால் பார்க்காமலே வாழ்ந்தார்கள். அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் தோட்டக் கடையின் கடன் புத்தகத்தில் ஏறும். சம்பள நாளன்று கழியும். ரொக்கமில்லாப் பொருளாதாரம் என்று இன்று புதுமையாகப் பேசப்படுவதை அவர்கள் பழுப்பேறிய நோட்டுப் புத்தகத்தில் வாழ்ந்து முடித்துவிட்டார்கள். அந்தப் புத்தகம் பசியாற்றியது, கட்டியும் போட்டது. எழுதுகிறவர் கடைக்காரர், படிக்கத் தெரியாதவர் வாங்குகிறவர் என்றால் கூட்டல் யார் பக்கம் சாயும் என்பதைத் தோட்டத்தில் பிறந்த யாரும் அறிவர்.

சட்டம் இதை உணர்ந்திருந்தது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, சம்பளத்தை எங்கே, எப்படி, யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி விதிக்கும் எந்த நிபந்தனையும் செல்லாது என்கிறது. 28ஆம் பிரிவு, மதுக்கடையிலும் சில்லறைக் கடையிலும் வைத்துச் சம்பளம் கொடுப்பதைத் தடுக்கிறது. அந்தக் கடைகளிலேயே வேலை செய்வோர் மட்டும் விலக்கு. இன்றைய வடிவில் 25ஆம் பிரிவு சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறது. ரொக்கமாக வேண்டுமென்றால் தொழிலாளி எழுத்தில் கேட்க வேண்டும். இடையில் நின்ற கையை வெட்டிவிட்டுத் தொழிலாளியையும் வங்கியையும் நேருக்கு நேர் நிறுத்துவதே இதன் நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் வெட்டிய கை வேறு வடிவில் முளைத்தது. ஏடிஎம் கார்டையும் இரகசிய எண்ணையும் வட்டிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, சம்பளத்தன்று அவர் எடுத்ததுபோக மீந்ததை வாங்கிவரும் வழக்கத்தை நம்மவர் பலர் அறிவோம். அப்படிப்பட்டவரையும் புள்ளிவிவரம் கணக்குள்ளவர் என்றே சொல்லும்.

நல்ல கைகளும் இருந்தன. மாதந்தோறும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து போடும் கூட்டு அவற்றுள் தலையானது. கூட்டுப் பிடிக்கிற அம்மாதான் அங்கே வங்கி. ஒருத்தி கட்டத் தவறினால் தன் கையிலிருந்து போட்டு நாணயத்தைக் காப்பாற்றுவார். 1971இல் மலேசியா இதைத் தடைசெய்தபோது சட்டத்தின் பெயரிலேயே நம் சொல் ஏறியது: கூட்டு நிதி (தடை) சட்டம். தமிழ்ச்சொல் ஒன்று மலேசியச் சட்டநூலில் இடம்பெற்றது தடை செய்யப்பட்ட பொருளாகத்தான் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஏமாற்றுக்காரரை அடக்க வேண்டியிருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வங்கி எட்டிப் பார்க்காத லயங்களில் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் மகளின் கல்யாணத்துக்கும் மொத்தப் பணம் திரட்டித் தந்த ஏற்பாட்டைத் திருத்தி ஒழுங்குபடுத்தும் வழியைச் சட்டம் தேடவில்லை.

இணையக் கடைகள் வந்தபோது இடைக்கைக்கு முறையான இடம் தந்த முயற்சி ஒன்று நடந்தது. 2005இல் என்பிபே என்ற பெயரில் தோன்றிப் பின்னர் மோல்பே ஆன நிறுவனம், இணையத்தில் வாங்கியதற்குச் செவன் லெவன் கடையில் ரொக்கம் கட்டும் வசதியைக் கொண்டுவந்தது. பொருளைத் தேர்ந்தெடுத்தால் ஓர் எண் வரும். அதைக் கவுண்டரில் காட்டிக் காசு கட்டினால், விற்றவருக்குச் செய்தி போய்ச் சரக்குக் கிளம்பும். வங்கிக் கணக்கு தேவையில்லை, கடன் அட்டை தேவையில்லை. ஜப்பானின் மூலைக்கடைகளும் பிரேசிலின் போலேத்தோ சீட்டும் நெடுங்காலமாகச் செய்துவருவது இதைத்தான். கவுண்டரில் நிற்பவர் வாங்கியதற்கு ரசீது தருகிறார், நிறுவனத்துக்குப் பொறுப்பாகிறார். கடன் புத்தகத்தில் இல்லாதிருந்த பொறுப்பு அது. குறை தூரத்தில் இருந்தது. செவன் லெவன் இருப்பது பட்டணத்தில். தோட்டத்துச் சாலையிலிருந்து அங்கே போக மோட்டார் சைக்கிளோ யாராவது ஏற்றிச் செல்வதோ வேண்டும். பேங்க் நெகாரா 2012இல் நெறிப்படுத்திய முகவர் வங்கி முறை, மளிகைக் கடையையே வங்கி முகவராக்கி இந்தத் தூரத்தைக் குறைக்க முயன்றது. பேங்க் சிம்பானான் நேஷனலின் முகவர் பலகையைத் தாங்கிய சிறு கடைகள் என் பார்வையில் எந்தச் செயலியையும்விடப் பெரிய முன்னேற்றம்.

அடுத்து அரசு நேரடியாக இறங்கியது. 2020 ஜனவரி 15 முதல் மார்ச் 14 வரை நடந்த இ-துனாய் ராக்யாட் திட்டம், தகுதியுள்ளவர்க்கு 30 வெள்ளியை கிராப், பூஸ்ட், டச் என் கோ என்ற மூன்று வாலட்டுகளில் ஒன்றின் வழியே கொடுத்தது. வங்கிக் கணக்கு இல்லாவிட்டாலும் ஸ்மார்ட்போன் இருந்தாக வேண்டியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களின் ஐசியைப் படமெடுத்து, முகத்தைப் படமெடுத்து, பதிவுசெய்து கொடுத்தது பேரன் பேத்திகள்தாம்.

அடிப்படைப் பொருள்கள் வாங்க அரசு தரும் சாரா உதவி இந்தப் பாதையிலிருந்து விலகியது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிறைந்த ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம் குடிமக்களின் மைகார்டில் 100 வெள்ளி சேர்க்கப்பட்டது. கணக்கு, கைப்பேசி, செயலி எதுவும் வேண்டியதில்லை. பதிவுபெற்ற கடையில் அடையாள அட்டையைக் கருவியில் செருகினால் ரசீதில் மிச்சத்தொகை அச்சாகி வரும். தொடக்க நாள்களில் கூட்டம் தாங்காமல் அமைப்பு தடுமாறினாலும், 2001இல் மின்பணப்பை வசதியோடு அறிமுகமான மைகார்டு ஏழைக்கு உண்மையிலேயே பணப்பையானது சாராவால்தான். ஆயினும் இன்ன வகைப் பொருள்கள், இன்ன கடைகள் என்ற வரம்போடுதான் அது வருகிறது. இது சம்பளம் அல்ல, உதவி; எனவே 26ஆம் பிரிவு பொருந்தாது. ஆனாலும் எங்கே வாங்கலாம் என்பதைப் பணம் கொடுப்பவர் தீர்மானிக்கும் ஏற்பாட்டைத் தோட்டக் கடையைக் கண்ட சமூகம் விழிப்போடுதான் பார்க்க வேண்டும். இணையக் கடையில் ரப்பர் வளையம் வாங்க அந்தக் காசு உதவாது.

பேரனின் கைக்கு முறையான வடிவம் கொடுக்க வழி உண்டு. இந்தியாவில் 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் வசதியில், கணக்குள்ளவர் தம் கணக்கிலிருந்து செலவழிக்க நம்பிக்கைக்குரிய இன்னொருவரை அனுமதிக்கலாம். முழு அனுமதி என்றால் மாதம் 15,000 ரூபாய்தான் வரம்பு. கணக்கில்லாதவரும் கணக்குள்ள ஒருவரின் துணையால் பணம் கட்ட முடிகிறது, ஒவ்வொரு செலவும் பதிவாகிறது. டியூட்நௌ வலையமைப்பை நடத்தும் பேநெட் இதையே திருப்பிப்போட்டும் செய்யலாம்: பாட்டியின் கணக்கிலிருந்து பேரன் வரம்புக்குள் செலவழிக்க, அவருக்குத் தமிழில் குரல்செய்தி போக வேண்டும். கார்டையும் இரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டு நம்பியிருப்பதற்கும் இதற்கும் மலையளவு வேறுபாடு.

இவ்வளவுக்கும் வெளியே நிற்பவர்கள் உண்டு. பிறப்பைப் பதியாததால் எந்த அடையாள அட்டையும் இல்லாதவர்கள் தோட்டப் பகுதிகளில் இருந்ததால்தான் 2011இல் மைடஃப்தார் பதிவு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. சிவப்பு ஐசியோடு நிரந்தரவாசியாகவே முதுமையடைந்தவர்களும் உண்டு. அவர்கள் வங்கியில் கணக்குத் திறக்கலாம், ஆனால் சாரா குடிமக்களுக்கு மட்டுமே. ஆவணமே இல்லாதவர்க்கு வங்கியும் இல்லை, வாலட்டும் இல்லை. கணக்கில்லாமையைத் தீர்க்கும் தொழில்நுட்பங்கள் எல்லாம் கணக்கின் இடத்தில் அடையாள அட்டையை வைத்திருக்கின்றன. செவன் லெவன் கவுண்டரில் கட்டும் அந்த எண் மட்டும் யாருடைய ஐசியையும் கேட்பதில்லை.