பகை நீர் துணையான கதை



எண்ணெய்க் கிணறு என்றதும், நிலத்தின் அடியிலே எண்ணெய் குளம்போலத் தேங்கி நிற்பதாகப் பலரும் எண்ணுவர். என் மாணவரும் அவ்வாறே விடை எழுதுவதுண்டு. கிணறு என்னும் சொல் செய்த மயக்கம் அது. உண்மையில், எண்ணெயில் ஊறிய செங்கல்லைப் போன்று, பாறையின் நுண்டுளைகளிலேதான் அது செறிந்து கிடக்கின்றது. இதனை உணராமையால் ஒரு பெருவயலே வற்றியதாகக் கருதப்பட்ட வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே பிராட்போர்ட் என்னும் ஊரில், 1871 ஆம் ஆண்டு எண்ணெய் கண்டனர். பத்தாண்டு கழிந்து, 1881 இல், அவ்வயல் ஏறத்தாழ 2 கோடி 30 இலட்சம் பீப்பா எண்ணெய் ஈந்தது. அந்நாட்டு விளைவில் அது முக்காற்பங்குக்கும் அதிகம். பின்னர் விளைவு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது. எண்ணெயிற் கரைந்திருந்த வாயுவே அதனைக் கிணற்றை நோக்கி உந்தியது. வாயு வெளியேறவே, உந்துவதற்கு ஒன்றுமில்லை. தீர்ந்தது விசையேயன்றி எண்ணெய் அன்று.

அக்காலத்து எண்ணெய்த் தொழிலாளர் அஞ்சிய பகை நீர். கைவிட்ட கிணறுகளின் வழியே மேற்படை நீர் இறங்கி எண்ணெய்ப் பாறையைக் கெடுக்கும் என்று கருதி, அக்கிணறுகளை அடைத்தல் வேண்டுமெனச் சட்டமும் செய்தனர். ஆயினும், நீர் புகுந்த இடங்களுக்கு அணித்தாயிருந்த கிணறுகள் சிலவற்றில் விளைவு கூடிற்று. நீரானது எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வருகின்றது! இது பயன்படக்கூடுமென ஜோன் கார்ல் என்னும் புவியியலாளர் 1880 இலேயே எழுதினார். கேட்பாரில்லை. வயலுடையோர் சிலர் மட்டும் மறைவாகக் கிணற்றுள் நீரை விட்டுப் பார்த்தனர். சட்டத்தை மீறினோரை ஓர் ஆசிரியன் பாராட்டுவது தகாதுதான். எனினும் அவர் கண்டது மெய்.

1921 இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்பின் நான்கு மூலைகளில் நீர்க்கிணறும் நடுவில் எண்ணெய்க் கிணறுமாக ஒழுங்குபட அமைத்தனர். 1937 இல் பிராட்போர்ட்டின் விளைவு ஏறத்தாழ 1 கோடி 70 இலட்சம் பீப்பாவாக உயர்ந்தது. புதிய வயல் எதுவும் அங்கே தோன்றவில்லை. முன்னோர் துளையிட்ட அதே பாறை, அவர் விட்டுச்சென்ற அதே எண்ணெய். நீர் தள்ளிய பின்னரும் அப்பாறையில் ஒரு பகுதி எஞ்சியே நின்றது.