குழலின் அடியில் ஒரு முத்திரை

துப்பாக்கியை எங்கள் நாட்டுத் தமிழில் துவக்கு என்போம். இரண்டு சொற்களுமே துருக்கியரின் 'தூஃபெக்' வழியாக வந்தவை என்பர் சொல்லாய்வாளர். இன்று நான் சொல்ல வந்தது சொல்லின் கதையன்று. நூறு வயது கடந்த ஆங்கிலேய இரட்டைக்குழல் துவக்கொன்றுக்கு எந்தத் தோட்டா பொருந்தும் என்ற கதை. சிறிய கேள்விதான். விடை பிழைத்தால் போவது சுடுகிறவரின் கைவிரல்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் துவக்குக்கு உணவு கரிமருந்துதான். வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை அது. புகை மண்டும்; ஆனால் அழுத்தம் அளவோடு நிற்கும். அதற்கேற்ற குழல்களைப் பேர்மிங்ஹாம் கொல்லர்கள் செய்தார்கள். இரும்பும் உருக்குமான கம்பிகளை முறுக்கி, ஓர் அச்சில் சுருளாகச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டினார்கள். நீரலை போன்ற கோலம் தெரிவதால் 'டமஸ்கஸ்' குழல் என்று பெயர். (நம்மவர் உருக்கிய இரும்பில் பிறந்த டமஸ்கஸ் வாளுக்கும் இதற்கும் உறவு பெயரளவில்தான்.) அழகுதான், ஆனால் குழல் முழுவதும் ஒட்டு. ஓர் ஒட்டுக்குள் துரு புகுந்தால் வெளியே தெரியாது.

1884இல் பிரான்சில் போல் வியெய் என்பவர் துவக்குகளுக்கான புகையில்லா மருந்தைச் செய்து காட்டினார். இவ்வகை மருந்து அடைபட அடைபட வேகமாக எரியும். கரிமருந்துக்கென்று பிறந்த குழலில் அதை இட்டவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

இதனால்தான் முத்திரைக்கு மதிப்பு. லண்டன் துவக்குச் செய்வோர் கழகம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்ஹாமின் பரிசோதனைச் சாலை 1813இல் சட்டத்தால் அமைந்தது. வழமையை விஞ்சிய மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கே அங்கு முத்திரை பதிப்பர். கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்புறத்தைப் பார்த்தால் அது தெரியும். 1954 விதிகளின்படி பதித்ததாயின் அறையின் நீளமும், சதுர அங்குலத்துக்கு '3 தொன்' என்பதுபோல அழுத்த எல்லையும் இருக்கும். புகையில்லா மருந்துக்கான முத்திரை இல்லையென்றால் அந்த மருந்தை நினைக்கவே கூடாது.

இனித்தான் பெரிய பொறி. பழைய 12 போர் துவக்குகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீற்றர். இன்று எங்கும் கிடைக்கும் தோட்டா 70 மில்லிமீற்றர். அந்த அளவு சுட்டு விரிந்த பின் உள்ள நீளம்! சுடுமுன் வாய் மடிந்திருப்பதால் பழைய அறைக்குள் சமர்த்தாக நுழைந்துவிடும். துவக்கும் பூட்டிக்கொள்ளும். 'சரியாகப் பொருந்துகிறதே' என்று விசையை இழுத்தால், மடிப்பு விரிய இடமின்றிக் குழலின் ஒடுங்கிய வாயை அடைக்கும், அழுத்தம் எகிறும். கைக்குப் பொருந்துவது வேறு, குழலுக்குப் பொருந்துவது வேறு.

உருக்குச் சன்னமும் பழைய குழலுக்கு ஆகாது. ஈயம்போல நசியாமல் உட்சுவரைக் கீறும். நீர்ப்பறவைகள் ஈயத்தால் நஞ்சூட்டப்படுவதைத் தடுக்க அமெரிக்கா 1991இலும் இங்கிலாந்து 1999இலும் விதிகள் செய்தபின், பழைய துவக்குக்காரர் சிலர் மென்மையான பிஸ்மத் சன்னத்தை நாடினர். 65 மில்லிமீற்றர் குறைந்த அழுத்தத் தோட்டாக்கள் பிரித்தானியாவில் இன்றும் செய்யப்படுகின்றன.

ஆனால் முத்திரையும் நிரந்தரமன்று. குழியைத் தேய்த்து நீக்கிய குழலின் உள்விட்டம் வரம்பை மீறினால் அது செல்லாது. அப்படியே விற்பது 1868ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மீண்டும் பரிசோதனைச் சாலைக்குத்தான் அனுப்பவேண்டும். அங்கே குழல் வெடித்தால் நட்டம் சொந்தக்காரருக்கே. அதற்கு அஞ்சிப் பாட்டன் துவக்கைச் சுவரிலேயே தொங்கவிட்டவர்களும் உண்டு.